கடைக்காட்டு அக்கா தாட்டி விட்டது

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விளைநிலத்தைக் காடு என்று சொல்கிற அந்த ஊரில், பள்ளத்து ஓரத்தில் இருந்த கடைசிக் காடு அவருடையது. அதனால் எல்லாருக்கும் அவர் கடைக்காட்டு அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். நானும் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் அந்த ஊருக்குப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரருக்கு மின்சார ஆபீசில் லைன்மேன் வேலை. நிரந்தரம் ஆகவில்லை, ஆகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வாளையாரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே மண்பாதையில் உள்ளே போக வேண்டும். கேரளாதான், ஆனால் பேச்சும், பண்ணையம் என்கிற விவசாயமும் கோயமுத்தூர்ப் பக்கம் போலவே இருக்கும். மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று ஊருக்குக் கிழக்கே உண்டு. அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அக்கா, மாட்டுவண்டி நிறுத்துகிற தன் வண்டிச்சாளையை நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாக்கி எங்களுக்குக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்.

நான் மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுவேன். பேசாதவர்களுக்கு ஒரு வசதி, காது சும்மா இருக்காது. அந்த ஊர்ப் பேச்சை நான் சொல் சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கற்றுக்கொண்டேன்.

போன முதல் வாரத்திலேயே அந்தச் சொல்லைக் கேட்டேன். கிணற்றடிக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். படலைத் தள்ளிக்கொண்டு ஒரு காளை உள்ளே வந்தது. செம்மண் நிறத்துச் செவலை. மூக்கணாங்கயிறு கிடையாது. கழுத்தில் மட்டும் ஒரு வெண்கல மணி. எனக்குத் தெரிந்த காளைகள் மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டிப் பண்ணையில் மூக்கில் வளையத்தோடு இரும்புக் குழாய்க்குப் பின்னால் நிற்பவை. நடுவில் குழாய் இல்லாத காளையை அன்றுதான் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று அலறினேன்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து அக்கா வந்தார். கையில் குச்சிகூட இல்லை. காளை தலையைத் தாழ்த்தி அவரை நோக்கிப் போனது. அவர் ஓடவில்லை. நின்று மறிக்கவும் இல்லை. முதலில் தனக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து வழிவிடுவதுபோல உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, தன்னைக் கடந்து போகிற காளையின் திமிலில் உள்ளங்கையை வைத்து லேசாக ஒரு தள்ளு. அவ்வளவுதான். அது வந்த வேகத்திலேயே களத்தைக் கடந்து பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது.

"ஏன் அம்மிணி, கல்லு மேல நின்னா மாட்டுக்குக் கண்ணு தெரியாதா? எறங்கு எறங்கு. தாட்டி வுட்டாச்சு" என்றார்.

அப்போதே அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பேச்சில் மாட்டைப் பத்துவோம், நாயை வெரட்டுவோம், அடிக்க வந்தால் தடுப்போம். அக்கா செய்தது இவற்றில் ஒன்றுமில்லை. வருகிறதை நிறுத்தாமல், திருப்பி அடிக்காமல், அது போகிற போக்கிலேயே நம்மைக் கடந்து போக வைப்பதற்கு எங்களிடம் சொல் இல்லை. 'தாட்டி விடுவது' அதற்கான சொல் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த மாதமே குழப்பம் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவின் ஒரே மகள் வந்து தங்கிவிட்டுப் போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவர், "புள்ளயத் தாட்டி வுட்டுட்டு வாரேன் கண்ணு" என்றார். முட்ட வந்த மாட்டுக்கும் பெற்ற மகளுக்கும் ஒரே சொல்லா? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனாலும் ஆபீசில் மலையாளத்துக்கார ஓவர்சியரிடம் விசாரித்திருக்கிறார். மலையாளத்தில் தடுப்பதற்கு ஒரு சொல் உண்டு, ஒதுங்கிக்கொள்வதற்கு வேறொன்று உண்டு, இரண்டையும் சேர்த்த மாதிரி ஒன்று தனக்குத் தெரியாது என்றாராம் அவர். "இதுக்குத்தான் உங்க பெண்டாட்டி படிச்சாங்களா?" என்றும் கேட்டாராம்.

அக்காவின் பண்ணையத்து ஆள் மாரப்பன்தான் எனக்கு விளங்கும்படி சொன்னார். அந்தக் காளை கோயிலுக்கு விட்ட காளை. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. எந்தக் காட்டிலும் நுழையும், எதையும் மேயும். அதனால் ஒவ்வொருவரும் தன் காட்டிலிருந்து அதை நயமாக வரப்புத் தாண்ட வைத்து அடுத்த காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்தவர் அதற்கடுத்த காட்டுக்கு. அதற்குப் பெயர்தான் தாட்டுவது. "மேக்கால இருந்து ஒவ்வொரு காடாத் தாட்டித் தாட்டி, கடசியா நம்ம தலையில வந்து நிக்குமுங்க. நமக்கு அக்கட்ட ஆரு இருக்கறா? பள்ளந்தான்" என்றார் மாரப்பன்.

பல வருடம் கழித்து மூணாறு பஜாரில் ஒரு தமிழ் வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். ஆடு என்றால் தானே ஆடுவது, ஆட்டு என்றால் ஆட வைப்பது, ஓடு, ஓட்டு, அதேபோல் தாண்டு, தாட்டு, அதாவது தாண்ட வைப்பது என்று இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், நிச்சயமாகச் சொல்லவில்லை. எனக்கு அது சரியாகப் பட்டது. மகளையும் ஒரு எல்லையைத் தாண்டத்தானே வைக்கிறோம்.

மாரப்பனுக்கு இடது கால் மடங்காது. அதைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். "பண்ணாடிச்சிக்குக் கலியாணமான புதுசுங்க. ஒரு பொலிகாளை முட்ட வந்துச்சு. சோக்கா ஒதுங்கித் தாட்டி வுட்டாங்க. பின்னால நான் பருத்திக்கொட்டைச் சட்டியத் தூக்கிட்டு நின்னேன். எனக்குத்தான் தாட்டறாங்கன்னு எனக்குத் தெரியுமா?" பண்ணாடிச்சி என்பது அங்கே காட்டுக்காரர் வீட்டுப் பெண்களைச் சொல்வது. இந்தப் பேச்சு வந்தால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார். "அதுக்கப்பறம் பாருங்க, ஈ ஓட்டறதுனாலும் பின்னால திரும்பிப் பாத்துட்டுத்தான்" என்பார் மாரப்பன்.

மாட்டை மட்டுமல்ல, பேச்சையும் அக்கா அப்படித்தான் கையாண்டார். நான் தண்ணீருக்குப் போகும்போது ஊர்ப் பெண்கள் சிலர் என்னைச் சீண்டுவார்கள். "தேயிலைக்காட்டுப் புள்ள வாய்க்குள்ள என்ன வெச்சிருக்குது? கொழுந்தா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அழுகை முட்டியது. அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இந்த மேக்காத்துல வாயத் தொறந்தா மண்ணுதான் விழுகும். அதுக்குத் தெரியுது, மூடி வெச்சிருக்குது. நம்முளுக்குத் தெரியுதா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டுக் காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஆனி ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று அங்கே சாதாரணமானதல்ல. கூரை ஓட்டைப் பிரித்துப் போடும். அந்தக் காற்றின் தலையில்தான் அக்கா எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போடுவார். பால் திரிந்தால் காற்று. விருந்தாளி கோபித்துக்கொண்டு போனால் காற்று. அதற்கு ரோஷம் வராது என்பதால் இருக்கும்.

அவருக்கு வந்த பெரிய முட்டல் கொழுந்தனார்தான். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை இல்லை. பாகம் பிரித்ததில் கொழுந்தனாருக்கு மேற்குப் பக்கம், அக்காவுக்குப் பள்ளத்து ஓரம். இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பு அவர் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா மகள் வீட்டோடு போய்விட்டால் வரப்பை எடுத்துவிடலாம். வாரம் தவறாமல் வருவார்.

"ஏனுங்க நங்கையா" என்று ஆரம்பிப்பார். அங்கே அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். "பொம்பள ஒருத்தியாப் பண்ணையம் பாத்து எந்தக் காலத்துல கரையேறப் போறீங்க? மக ஊட்டுல நெழல்ல உக்காந்து பேரனுக்குத் தொட்டில் ஆட்டலாமில்ல?"

"வாங்க. வெய்யல்ல நடந்து வந்திருக்கறீங்க. மோரு குடிங்க."

"நான் மோருக்கு வரலீங்க."

"நீங்க மோருக்கு வரலீனாலும் மோரு இருக்குதுங்களே."

"காட்டைப் பாருங்க, பன்னி உருண்ட மாதிரி கெடக்குது. எங்கண்ணன் இருந்திருந்தா இப்பிடி உட்டிருப்பாரா?"

"இந்தக் காத்துல எந்தக் காடுங்க நேரா நிக்குது? உங்க சோளமே போன வருசம் படுத்துருச்சில்லீங்க."

சொம்பு காலியாகும்போது அவர் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார். போன பிறகுதான் எதற்கு வந்தோம் என்று நினைவு வரும்போலிருக்கிறது. பாதையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

"நீங்க ஏங்க்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேங்கீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா அது எங்கியாச்சும் போயி விழுகோணுமே கண்ணு. அவரு ஊட்டுல போயி பெண்டாட்டி மேல எறக்கி வெப்பாரு. அவ என்ன பண்ணுனா, பாவம்?"

இப்படி ஒருவரால் எவ்வளவு காலத்துக்கு ஒதுங்க முடியும் என்று எனக்கு யோசனையாக இருக்கும். வருகிறதெல்லாம் பள்ளத்தில் இறங்கிப் போய்விடுமா? ஆள் இல்லாத இடம் அத்தனை இருக்கிறதா?

ஒரு வருடம் ஆனி மாதம். அக்கா காட்டை உழுது போட்டு, விதைக்கடலையை உரித்து முறத்தில் குவித்து வைத்திருந்தார். ஒரு மழைக்குக் காத்திருந்தார். காற்றில் எங்கள் பக்கத்து மின்கம்பம் சாய்ந்தது. என் வீட்டுக்காரர் வந்து அதை நிமிர்த்தி, அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியைப் புதிதாகக் கட்டினார். பழைய கம்பியைச் சுருட்டி அக்காவின் காட்டு ஓரமாகப் போட்டார். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அதற்குள் வாளையாரில் லாரி ஒன்று கம்பத்தை இடித்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, அப்படியே போய்விட்டார்.

மத்தியானம் காளையின் மணி தாறுமாறாக அடிப்பது கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது உழுத காட்டில் விழுந்து கிடந்தது. முன்னங்காலைச் சுற்றிக் கம்பிச் சுருள். இழுத்து இழுத்துக் கணுக்காலில் ஆழமாக அறுத்திருந்தது. முட்டி பிசகி வீங்கிவிட்டது. அக்கா மண்ணில் முழங்காலிட்டு, காளையிடம் ஏதோ பேசிக்கொண்டே ஒவ்வொரு சுற்றாகக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாரப்பன் சந்தைக்குப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை.

பிரித்து முடித்ததும் கம்பியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் கதவுக்குப் பின்னால் வைத்தார். "உங்கூட்டுச் சாமான். உள்ளயே கெடக்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் பாக்குல. சரியா?" என்றார்.

நான் தலையாட்டினேன். கோயில் காளைக்கு அடிபடுவது அந்த ஊரில் சின்ன விஷயமில்லை. கம்பி யாருடையது என்று தெரிந்தால் ஊரே ஆபீசுக்குப் போகும். நிரந்தரம் ஆகாத வேலை, வெளியூர்க்காரர்; அடுத்த நாளே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். தெரியாமல் போனால் அக்காவுக்குத்தான் நஷ்டம். அந்த ஊர் வழக்கப்படி, யார் காட்டில் இருந்த குற்றத்தால் கோயில் காளை விழுந்ததோ அந்தக் காடு காளைக்குப் போய்விடும். அது தன் காலால், தானாக எழுந்து அந்தக் காட்டை விட்டுப் போகிறவரை அங்கே ஒரு விதை போடக் கூடாது. யாரும் அதை அங்கிருந்து தாட்டவும் கூடாது.

அன்று சாயங்காலமே கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியதனக்காரர் கல்மேடையில் உட்கார்ந்திருந்தார். ஊர் வழக்குகளுக்கு அவர் சொல்வதுதான் முடிவு. நாங்கள் பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். கொழுந்தனார் முன்னால் வந்தார்.

"நான் பாத்துட்டு வந்தேனுங்க. அது அடிச்ச காயமில்ல, அறுத்த காயம். காலக் கட்டியிருக்கோணும். அந்த மாரப்பனுக்கு மாடுன்னாலே ஆகாது, தெரியுமில்ல?"

"மாரப்பன் சந்தையில இருந்தானுங்க. கேட்டுப் பாருங்க" என்றார் அக்கா.

"அப்ப நீ கட்டுனயா?" என்றார் பெரியதனக்காரர்.

"இல்லீங்க. காலு சிக்கிருச்சுங்க."

"எதுல சிக்குச்சு?"

அக்காவால் இதையும் தாட்டிவிட முடியும் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல் போதும், அத்தனை பேர் கண்ணும் அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்துவிடும். அல்லது வழக்கம்போல் காற்றைக் கூப்பிட்டிருக்கலாம். அன்று சிரிக்க யாரும் தயாராக இல்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை அசைக்காமல் நேராக நின்றிருந்தார்.

"என்ற காட்டுல கெடந்ததுலதானுங்க சிக்குச்சு. என்ற காடு. நாம் பாத்திருக்கோணும்."

"அப்ப ஏத்துக்கறயா?"

"ஆமாங்க."

கொழுந்தனார் இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தார். அதற்கு இடமில்லாமல் போயிற்று. கூட்டம் கலைந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் அக்காவிடம் போனார். "நாஞ் சொல்லிருதேன்க்கா. என் தப்புக்கு நீங்க எதுக்கு?"

"சொன்னா மாடு எந்திரிச்சுக்குமா?" என்று அக்கா சற்று எரிச்சலோடு கேட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "ஒரு சீவன் காலு போயிக் கெடக்குது. இன்னொருத்தரு பொழப்பும் போகோணுமா? போங்க, போயி காலையில புல்லறுத்துட்டு வாங்க. அதப் பண்ணுங்க போதும்."

அப்படித்தான் என் வீட்டுக்காரர் தினமும் விடிந்ததும் பள்ளத்தில் இறங்கி ஒரு கட்டுப் புல் அறுத்துக் காளைக்குப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனார். மாரப்பன் மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினார். அக்கா காயத்தில் வேப்பெண்ணெய் போட்டார். காளை படுத்தே கிடந்தது. அந்த வருடம் மழை ஏமாற்றவில்லை. மேல் காடுகளில் கடலை பச்சைப் பாயாகப் படர்ந்தது. கொழுந்தனாருடையது எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் அக்காவின் உழுத காட்டில் கோரை முளைத்தது.

ஒரு நாள் வாசனை வந்து போய்ப் பார்த்தேன். அக்கா விதைக்கடலையை வறுத்துக்கொண்டிருந்தார். "வா, தின்னு கண்ணு. வெதைக்கு எடுத்து வெச்ச கடலைக்கு ருசி அதிகம்" என்றார். நான் ஒன்றை வாயில் போட்டேன். அடுத்ததை எடுக்கவில்லை. அவர் நன்றாகத்தான் மென்றார்.

கொழுந்தனார் இப்போது சத்தம் போடுவதில்லை. அது இன்னும் மோசம். மெதுவாக வந்து உட்கார்ந்து, "பட்டது போதுமுங்க நங்கையா. மகளுக்குச் சொல்லி அனுப்பட்டுங்களா? காட்டை நான் பாத்துக்கறேன்" என்பார். அக்கா மோரைக் கொடுத்துவிட்டு, "மாடு எந்திரிக்கட்டுமுங்க" என்று மட்டும் சொல்வார். மருமகனும் ஒரு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். இந்த வருடம் விளைச்சல் இல்லை என்றால் அக்கா போய்த்தான் ஆக வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அவருக்குப் பின்னால் அந்த வரப்பு ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஆவணியில் காளை எழுந்து நின்றது. பிறகு நொண்டி நொண்டி நாலு எட்டு வைத்தது. நின்றுவிட்டது. காட்டை விட்டுப் போகிற எண்ணமே அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஏன் போகும்? வேளைக்குப் புல் வந்தது, தண்ணீர் வந்தது.

ஒரு காலையில் கதவைத் திறந்து பார்த்தால் அது கொழுந்தனாரின் கடலைக்காட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தது. காய் பிடிக்கிற பருவம். கொடியோடு பிடுங்கி நிதானமாக மென்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். காளை எந்தக் காட்டுக்குப் போனதோ அந்தக் காட்டுக்காரர் சொன்னால்தான் செல்லும். அது வந்திருக்கிறது என்று கொழுந்தனார் வாயால் சொன்னால் அக்காவின் காடு விடுபட்டுவிடும். சொல்லாவிட்டால் கடலை போகும். அடிக்கவும் முடியாது. அடுத்த காட்டுக்குத் தாட்டலாம் என்றால், வராத மாட்டை எப்படித் தாட்டுவது? அவர் வாயை மூடிக்கொண்டு, காளைக்கு முதுகைக் காட்டிக் களையெடுத்தார். பாதையில் போகிற வண்டிகள் அந்த இடத்தில் மெதுவாகப் போயின.

மாரப்பன் வரப்பில் நின்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். "பண்ணாடி, உங்க காட்டுல செவலையா ஒண்ணு நிக்குதுங்களே, அது மாடுங்களா, மண்ணுங்களா?"

"எங்கடா நிக்குது?"

"உங்களுக்குப் பின்னாலதானுங்க."

"நான் ஒண்ணையும் பாக்குல. நீ போடா உன்ற வேலையப் பாத்துட்டு."

"சரிங்க. அந்த மண்ணு சாணி போடுதுங்க, அதான் கேட்டேன்."

சில நாள் இப்படியே போனது. பாதிக் காடு மொட்டையானது. அவர் மனைவி ஒரு நாள் களத்து மேட்டில் நின்று ஊருக்கே கேட்கும்படி அழுதார். அதற்கப்புறம்தான் அவர் கோயிலுக்குப் போய், எல்லார் முன்னிலையிலும், "மாடு என்ற காட்டுக்கு வந்துருச்சுங்க" என்று சொன்னார். எதையோ வாயிலிருந்து பிடுங்கி எடுத்ததுபோல இருந்தது அவர் முகம்.

பெரியதனக்காரர் அக்காவைக் கூப்பிட்டார். "தானாப் போச்சா? நீ தாட்டி வுட்டயா?"

"நான் ஊட்டுலதானுங்க இருந்தேன். கைகூட வெக்கலீங்க" என்றார் அக்கா.

அது உண்மை. காளை போன அன்று விடியற்காலையிலிருந்தே கொட்டகையில் அவர் பால் கறக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. காடு விடுபட்டது. கடலைக்குப் பருவம் தப்பிவிட்டது. புரட்டாசி மழையில் அக்கா கொள்ளு விதைத்தார். பெரிய விளைச்சல் இல்லை என்றாலும் வருடத்தைத் தள்ளிவிட்டார். மகள் வீட்டுக்குப் போகவில்லை. கொழுந்தனார் அதன் பிறகு மோர் குடிக்க வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் மனைவிக்கு மட்டும் அக்கா முதல் கொள்ளில் ஒரு முறம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாகி, மூணாறு பக்கம் மாற்றலும் வந்தது. பஸ் மலை ஏறிக்கொண்டிருக்கும்போது நான் அக்காவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். அந்தக் காளைக்கு அன்றைக்கு என்னதான் தோன்றியதோ, சரியாக அந்தப் பக்கம் போயிற்றே என்றேன்.

வீட்டுக்காரர் ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "புல்லு எங்க போடணும்னு தெனமும் அக்காதான் சொல்லுவாங்க" என்றார்.

"அப்படின்னா?"

"மொதல்ல வாய்க்குப் பக்கத்துலயே போடச் சொன்னாங்க. அது எந்திரிச்ச பெறகு, இன்னைக்கு ஒரு எட்டு தள்ளிப் போடுங்கன்னாங்க. மறுநா அதுக்கும் ஒரு எட்டு தள்ளி. அப்படியே மேக்குப் பக்கமாத் தள்ளிக்கிட்டே போனாங்க. கடைசில ஒரு நா, இதுக்கு மேல வரப்புத்தாம்க்கா இருக்குன்னேன். வரப்பு மேலயே வையுங்கன்னாங்க. மறுநா காலையில, இன்னைக்குப் புல்லு வேணாம், நீங்க டியூட்டிக்குப் போங்கன்னாங்க."

"இத ஏன் நீங்க அப்பவே சொல்லல?"

"மாட்டுக்குக் காலு பழகட்டும்னு செய்யிதாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப என்ன நெனைக்கீங்க?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியதில் சாய்ந்த பையை அவர் நிமிர்த்தி வைத்தார்.

"இப்பவும் அப்படியே நெனச்சுக்கிட்டா நல்லதுன்னு நெனைக்கேன்" என்றார்.